பொலோன்யாவில் முதுநிலை: பழைய நகரத்துக்குள்ளே பாதி அறையா, வெளியே தனி அறையா?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பாளையங்கோட்டை. இத்தாலியில பொலோன்யா பல்கலைக்கழகத்துல முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு, செப்டம்பர்ல கிளம்பணும். வகுப்பெல்லாம் வியா சம்போனி தெருப் பக்கம், பழைய நகரத்துக்குள்ள. வீடு தேட ஆரம்பிச்சதுலேருந்து எங்க வீட்டுல ஒரே விவாதம். பழைய நகரத்துக்குள்ளன்னா இன்னொரு பொண்ணோட ஒரே அறையில இருக்கணும். அதே வாடகைக்கு வெளியில, ரயில் நிலையத்துக்குப் பின்பக்கமோ கசலெக்கியோ மாதிரி பக்கத்து ஊர்லயோ போனா தனி அறை பார்க்கலாம்னு தெரியுது. தனி அறைதான் படிப்புக்கு நல்லதுன்னு அப்பா சொல்றாங்க. எனக்கு உள்ளே இருக்கணும்னு ஆசை. 1088ல தொடங்கின பல்கலைக்கழகம், அந்தத் தெருவுல நடந்து வகுப்புக்குப் போகணும்னு மனசுக்குள்ள இருக்கு. அங்க இருக்கிறவங்க, இருந்தவங்க யாராவது அன்றாடம் எப்படின்னு சொல்லுங்க. நாங்க சைவம், அதைப் பத்தியும் அம்மா கேக்கச் சொன்னாங்க.

சரகோசா வாசல்

வாழ்த்துகள் தங்கச்சி. நான் அங்கேதான் முதுநிலை முடித்தேன், இப்போதும் அதே ஊரில் வேலை. என் கட்சி: முதல் ஆண்டாவது உள்ளே இருங்கள்.

பொலோன்யா நடக்கிறவர்களின் ஊர். தெருவோரம் முழுக்க போர்ட்டிகோ என்ற தூண் வரிசை நடைபாதை. மொத்தமாகச் சுமார் 62 கிலோமீட்டர் என்று கணக்கு, 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழை, பனி, ஜூலை வெயில் எதுவானாலும் குடையில்லாமல் வீட்டிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து நூலகத்துக்கும் போய்விடலாம். காலையில் வியா சம்போனி வகுப்பு, மதியம் பியாட்ஸா (சதுக்கம்) புன்தோனியில் இருக்கும் மாணவர் உணவகம், பிறகு சலா போர்சா நூலகம். அந்த நூலகத்தின் நடுக்கூடத்தில் தரை கண்ணாடி, கீழே ரோமானியர் காலத்து ஊரின் இடிபாடு தெரியும். அனுமதி இலவசம். மாலையில் வகுப்புத் தோழர்கள் "வா, அரை மணி நேரம் உட்காரலாம்" என்று கூப்பிடுவார்கள். அங்கே நட்பு இந்த அரை மணி நேரங்களில்தான் உருவாகிறது. வெளியே இருப்பவர் ரயில் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவார். இத்தாலிய மொழி பிடிபடாமலே படிப்பை முடித்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் நம்மூர்க்காரர்களோடு சேர்ந்து தூரத்தில் வீடெடுத்தவர்கள்.

கரிசல்காடு

அண்ணன் சொல்றதுல பாதி சரி. ஆனா உள்ளே இருக்கிறதுக்கு என்ன விலைன்னும் சொல்லணும்ல.

நான் பொலோன்யீனாவுல இருக்கேன். ஸ்டேஷனுக்கு வடக்கே, தண்டவாளத்தைத் தாண்டின உடனே வர்ற பகுதி. சைக்கிள்ல கால் மணி நேரத்துல வகுப்பு. வங்கதேசத்துக்காரங்க கடை, சீனர் கடை, மொராக்கோக்காரர் கறிக்கடை எல்லாம் பக்கத்துலயே. துவரம்பருப்பு, பச்சைமிளகாய், கொத்தமல்லி எல்லாம் நடந்துபோய் வாங்கலாம். உள்ளே தனி அறை 500 யூரோவுக்குக் கீழே கிடைக்கிறது அரிது, கிடைச்சாலும் வியா பெத்ரோனி மாதிரி தெருவா இருக்கும். அங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே கூட்டம். பழைய கட்டடம், சுவர் தடிமன், லிஃப்ட் கிடையாது, நாலாவது மாடிக்கு அரிசி மூட்டையைத் தூக்கிட்டு ஏறணும். பரீட்சை சமயத்துல ஒரே அறையில ரெண்டு பேர்னா ஒருத்தர் தூங்க ஒருத்தர் விளக்கை அணைக்கணும். அப்பா சொல்றதை லேசா விடாதீங்க.

தாமிரபரணி

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு அறை விளம்பரம் பார்த்தேன், பியாட்ஸா வெர்திக்குப் பக்கத்துல, படம் ரொம்ப அழகா இருக்கு, வாடகையும் கம்மி. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காராம், ரெண்டு மாச அட்வான்ஸ் அனுப்பினா சாவியைக் கூரியர்ல அனுப்பிடுறேன்னு சொல்றார். அனுப்பலாமா?

பலேர்மோப் பிள்ளை

ஐயோ அனுப்பாதேங்கோ தங்கச்சி! ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. ஒவ்வொரு வருஷமும் ஆவணி, புரட்டாதியில இதே கதையைத்தான் கேக்கிறம். வீட்டுக்காரர் வெளிநாட்டில, சாவி தபாலில எண்டாலே அது ஏமாத்து.

நான் பலேர்மோவில பிறந்து வளர்ந்தனான், அம்மா அப்பா யாழ்ப்பாணம். இப்ப பொலோன்யாவில சட்டம் படிக்கிறன். அதால உள்ளயா வெளியயா எண்டதுக்கு முதல் ஒரு விசயம் சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ. வீட்டு ஒப்பந்தம் பதிஞ்சிருக்க வேணும். மாணவர்களுக்கெண்டு ஒரு ஒப்பந்த வகை இருக்கு, 6 மாசத்தில இருந்து 36 மாசம் வரைக்கும் எழுதலாம். கையெழுத்து வைச்சு 30 நாளுக்குள்ள வரி அலுவலகத்தில பதிய வேணும். அட்வான்ஸ் மூண்டு மாச வாடகைக்கு மேல கேக்கச் சட்டத்தில இடமில்லை. நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து வாறபடியால், உங்களை வீட்டில வைச்சிருக்கிறன் எண்டு வீட்டுக்காரர் 48 மணித்தியாலத்துக்குள்ள பொலிசுக்கு அறிவிக்கவும் வேணும்.

பதியாமல் இருந்தா வாடகையில அம்பது யூரோ குறைக்கிறன் எண்டு ஆராவது சொல்லுவினம். அந்த அம்பதைப் பாக்காதேங்கோ. எர்கோ எண்ட மாகாண உதவித்தொகை நிறுவனம், வெளியூரில இருந்து வந்து தங்கிப் படிக்கிற ஆளுக்குத்தான் கூடின தொகை குடுக்கும். அதுக்கு வருஷத்தில குறைஞ்சது பத்து மாசத்துக்குப் பதிஞ்ச ஒப்பந்தம் காட்ட வேணும். அது இல்லாட்டி உங்களைத் தினமும் வந்து போற ஆளாக் கணக்குப் பண்ணித் தொகையைக் குறைப்பினம். பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதிக்கும் விலாசம் வேணும். ஆகவே வந்து முதல் ரெண்டு கிழமைக்கு ஒரு விடுதியில கட்டில் எடுத்து இருந்துகொண்டு, நேரில போய் வீட்டைப் பாருங்கோ. போன் எடுத்து இத்தாலியன் கதைக்க ஆள் வேணுமெண்டால் எனக்குத் தனிமடல் போடுங்கோ, நான் கதைக்கிறன்.

தாமிரபரணி

அக்கா, ரொம்ப நன்றி. அந்த ஆளுக்குப் பதில் போடலை, விட்டுட்டேன். எர்கோ விண்ணப்பத்துக்கு அப்பா பேப்பரெல்லாம் தயார் பண்ணிட்டு இருக்காங்க.

கரிசல்காடு

அந்தப் பேப்பர் வேலையை இப்பவே முடிச்சிடச் சொல்லுங்க. குடும்ப வருமானம், சொத்து, அவங்க குறிப்பிடுற வருஷத்தோட டிசம்பர் 31 அன்னிக்கு வங்கியில இருந்த தொகை, குடும்ப உறுப்பினர் விவரம் எல்லாத்துக்கும் சான்று வேணும். அப்போஸ்டில்னு, வெளிநாட்டுல ஏத்துக்கிறதுக்கான முத்திரை வாங்கி இத்தாலிய மொழிபெயர்ப்போட வைக்கணும். மாநில அளவுல சான்றொப்பம் வாங்கின பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தோட அப்போஸ்டில், அதனால நாள் பிடிக்கும். இதை வச்சுத்தான் உங்க கல்விக் கட்டணமே முடிவாகும். காட்டலைன்னா முழுக் கட்டணம். தாசில்தார் அலுவலகத்துல ஒரு எழுத்து மாறினாலும் அங்க பேர் பொருந்தாது. பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே அப்பா பேரு, இனிஷியல் விரிவு எல்லாம் இருக்கான்னு ஒவ்வொரு தாளையும் பாருங்க.

வந்து இறங்கி 8 வேலை நாளுக்குள்ள பெர்மெஸ்ஸோவுக்குத் தபால் அலுவலகத்துல விண்ணப்பம் போடணும். 16 யூரோ வருவாய் முத்திரை ஒட்டணும். அங்க குடுக்கிற ரசீதைப் பத்திரமா வைங்க, கார்டு கைக்கு வர்ற வரைக்கும் அதுதான் அத்தாட்சி. கைரேகை எடுக்கிற தேதி தள்ளித்தான் வரும், பதற வேண்டாம். படிப்பு அனுமதியில வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அரசு மருத்துவக் காப்பீட்டுல மாணவர் சேர 2024லேருந்து வருஷத்துக்கு 700 யூரோ, முன்னாடி 150 கூட இல்ல. இதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கங்க. பழைய பதிவுகளைப் படிச்சுட்டு வர்றவங்க இந்த இடத்துலதான் திகைச்சுப் போறாங்க.

சரகோசா வாசல்

பலேர்மோத் தங்கை சொன்னதுதான் முதல் விதி. அதை ஒப்புக்கொண்டு, உள்ளே இருப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வெறும் அழகுக்காக நான் அதைச் சொல்லவில்லை.

இந்தப் போர்ட்டிகோக்கள் ஏன் வந்தன தெரியுமா? நடுக்காலத்தில் ஊர் பெருத்தது. கிராமத்திலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள், ஐரோப்பா முழுவதிலுமிருந்து சட்டம் படிக்க மாணவர்கள் வந்தார்கள். அறை போதவில்லை. மேல்மாடியைத் தெருப் பக்கம் நீட்டிக் கட்டினார்கள், நீட்டியதைத் தாங்கக் கீழே மரத்தூண் நட்டார்கள். 1288ல் நகரச் சட்டமே, புது வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே ஆக வேண்டும் என்றது. குதிரையில் போகிறவர் தலை இடிக்காமல் போகும் அளவு உயரமும் குறித்தது. இன்றைக்கும் அந்த நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. நம் ஊர்த் திண்ணையைத் தெரு நெடுக நீட்டிக் கூரை போட்டால் வருவது அது. ஸ்த்ராதா மஜோரே தெருவில் காசா இசொலானி என்ற வீட்டில் 13ஆம் நூற்றாண்டின் ஓக் மரத்தூண்கள் இன்னும் நிற்கின்றன, போனதும் பாருங்கள்.

ஆக, வெளியூர் மாணவருக்கு அறை கொடுக்கும் நெருக்கடிக்கும் இந்த ஊரின் உருவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அன்றைக்கும் வாடகைத் தகராறுதான். மாணவர் தரப்பும் நகரத்தார் தரப்பும் உட்கார்ந்து வாடகை குறிக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்கும் முன்பே, 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா ஒரு சட்டம் போட்டார்: படிக்கத் தூரதேசம் வந்தவரை, அவர் நாட்டுக்காரன் வாங்கிய கடனுக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று. அதுவரை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மாணவர்களே சங்கம் அமைத்து ஆசிரியருக்குச் சம்பளம் பேசினார்கள், நேரத்துக்கு வராத ஆசிரியருக்கு அபராதம் போட்டார்கள். 1222ல் ஊரோடு மனத்தாங்கலாகி ஒரு கூட்டம் கிளம்பிப் போனதில்தான் பதுவா பல்கலைக்கழகம் பிறந்தது.

ஆர்கிஜின்னாசியோ என்ற பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் போனால் சுவர், கூரை எங்கும் அந்நாள் மாணவர்களின் குலச்சின்னங்கள் ஆயிரக்கணக்கில் தீட்டியிருக்கும். ஒவ்வொன்றும் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை. அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இந்த ஊரில் நான் அந்நியன் என்ற எண்ணம் எனக்குக் குறைந்தது. அதனால்தான் உள்ளே இருங்கள் என்கிறேன்.

கரிசல்காடு

அண்ணே, இவ்வளவும் எனக்குப் பிடிச்சிருக்கு, உண்மையாவே. ஆனா நீங்க சொன்னதையே வச்சுக் கேக்கிறேன். அன்னிக்கு மாணவனுக்காக ஊர் வீட்டை நீட்டிக் கட்டுச்சு. இன்னிக்கு அதே வீட்டை வீட்டுக்காரர் வார இறுதிச் சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுறார், மாணவன் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் போறான். இன்னிக்கு மாணவரோட பொலோன்யா நகர்ந்துடுச்சு. பொலோன்யீனாவும் சான் தொனாத்தோவும் மாணவர் ஊர்தான். எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை அஞ்சாறு மொழி கேக்கும். அதுவும் இந்த ஊரோட வரலாறுதான்.

சரகோசா வாசல்

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. சுற்றுலாவால் வாடகை ஏறியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் படித்தபோது தங்கிய வீடே இன்றைக்கு நாள் வாடகை வீடு. தங்கச்சி, உள்ளே பதிந்த ஒப்பந்தத்தோடு நியாயமாகக் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் தம்பி சொல்லும் பகுதியைப் பாருங்கள். கசலெக்கியோ அளவுக்கு மட்டும் முதல் ஆண்டே போகாதீர்கள், ராத்திரி திரும்புவது சிரமம்.

மார்கழிப் பனி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் அதே பல்கலைக்கழகம்தான், ஆனா ரிமினி வளாகம். சேர்க்கைக் கடிதத்துல எந்த வளாகம்னு எல்லாரும் நல்லாப் பாருங்க. செசேனா, ஃபொர்லி, ரவேன்னா, ரிமினின்னு வெளியூர்லயும் வளாகம் இருக்கு. ரிமினி கடற்கரை ஊர். செப்டம்பர்லேருந்து மே வரைக்கும்தான் நிறையப் பேர் வீடு குடுப்பாங்க, கோடையில சுற்றுலாக்காரருக்கு விட்டுருவாங்க. பத்து மாச ஒப்பந்தம் வேணும்னு அக்கா சொன்னாங்களே, அதுக்கு ரிமினியில தேடித் தேடித்தான் பிடிக்கணும்.

பரீட்சை பத்தியும் சொல்லிடுறேன். பாதிப் பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு. பேராசிரியருக்கு எதிர்ல உட்கார்ந்து பேசணும், பின்னாடி மத்த மாணவர்கள் உட்கார்ந்து கேட்டுட்டு இருப்பாங்க. மதிப்பெண் 30க்கு, 18 எடுத்தா பாஸ். பிடிக்காத மதிப்பெண்ணை மறுத்துட்டு அடுத்த தேதியில திரும்ப எழுதலாம். நம்மூர்ல இல்லாத வசதி இது. ஆனா எர்கோ உதவித்தொகைக்கு முதல் வருஷமே குறிப்பிட்ட கிரெடிட் காட்டணும், அதனால 30 வேணும்னு மறுத்துக்கிட்டே போகக் கூடாது. மத்தவங்க தேர்வை முன்னாடியே போய் உட்கார்ந்து கேளுங்க, தடை கிடையாது. கேள்வி எப்படி வருதுன்னு அங்கதான் தெரியும்.

பொலோன்யா நடுவுல இருக்கிற அசினெல்லி கோபுரத்துல ஏறினா பட்டம் கிடைக்காதுன்னு மாணவர்கள் மத்தியில ஒரு நம்பிக்கை. 498 படி, பட்டம் வாங்கின அன்னிக்குத்தான் ஏறுவாங்க. பக்கத்துல சாஞ்சு நிக்கிற கரிசெந்தா கோபுரத்தைப் பலப்படுத்த 2023 அக்டோபர்லேருந்து ரெண்டையும் மூடிட்டாங்க. பட்டம் வாங்கினவங்க தலையில லாரல் இலை மாலையோட அந்தத் தெருவெல்லாம் பாட்டோட போவாங்க. அது தினமும் பார்க்கக் கிடைக்கும், அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

பலேர்மோப் பிள்ளை

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டவா, ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நான் சொல்லுறன், அம்மாட்டக் காட்டுங்கோ.

சைவக்காரர் கவனிக்க வேண்டியது: பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற உறைபொருளாலதான் செய்யிறது, பெட்டியில பச்சை முத்திரை இருக்காது. தோர்த்தெல்லீனி எண்ட உள்ள அடைச்ச பாஸ்தாவுக்குள்ள பன்றி இறைச்சி இருக்கும். பியாதீனா ரொட்டி வழமையாப் பன்றிக் கொழுப்பில செய்யிறது, ஒலிவ் எண்ணெயில செய்ததும் விக்கும், கேட்டு வாங்குங்கோ. தாலியாத்தெல்லே போல புதுசாச் செய்யிற பாஸ்தாவில முட்டை இருக்கும், கடையில விக்கிற காய்ஞ்ச ஸ்பகெத்தியில வழமையா இராது. சுப்பர்மார்க்கெட்டில பார்பொயில்ட் எண்டு எழுதின அரிசி எங்கட புழுங்கல் அரிசிதான், எல்லா இடத்திலயும் இருக்கு. சிவத்தப் பருப்பு, கடலை, ரவை தாராளம். கறிவேப்பிலையும் புளியும் வங்காளியளின்ர கடையில. மிளகாய்த்தூள் மட்டும் ஊரில இருந்து கொண்டுவாங்கோ. குக்கரும் கொண்டுவாங்கோ, எரிவாயு அடுப்புத்தான் கனக்க வீட்டில.

இன்னொண்டு. மனம் சோர்ந்தால் பழைய நகரத்தின்ர சரகோசா வாசலில இருந்து சான் லூகாக் கோயில் வரைக்கும் நடவுங்கோ. குன்று மேல கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், 666 வளைவு, முழுக்கக் கூரை. பலேர்மோவில எங்கட சனம், சைவசமயத்தாரும் கிறிஸ்தவரும் சேர்ந்து, சாந்த ரொசாலியாவைப் பாக்க மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து போறவை. அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போவா. பொலோன்யா வந்த புதுசில சான் லூகாவுக்கு ஏறேக்க அந்த நினைவுதான் வந்தது, அதுக்குப் பிறகுதான் இந்த ஊர் எனக்குப் பழகினது.

தாமிரபரணி

அம்மா பக்கத்துல உட்கார்ந்து முழுசாப் படிச்சாங்க. சீஸ் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்பாவும் படிச்சுட்டு, பதிவு பண்ணின ஒப்பந்தம்னா உள்ளே இருக்கலாம், அறையைப் பகிர்ந்தாலும் சரின்னு இறங்கி வந்திருக்காங்க. கடைசியா ரெண்டு கேள்வி. செப்டம்பர் முதல் வாரம் வரலாமா, இல்ல ஆகஸ்ட் நடுவுலயே வந்து வீடு பார்த்தா போட்டி கம்மியா இருக்குமா? குளிருக்கு இங்கேருந்து என்ன எடுத்துட்டு வரணும்?

கரிசல்காடு

ஆகஸ்ட் நடுவுல வராதீங்க. 15ஆம் தேதி பெரிய விடுமுறை, அதுக்கு முன்னும் பின்னும் கடையடைப்பு, வீட்டுக்காரரெல்லாம் கடற்கரைக்குப் போயிடுவாங்க, போன் எடுக்க ஆள் இருக்காது. ஆகஸ்ட் கடைசி வாரம் சரி. குளிருக்கு உள்ளாடை மட்டும் எடுத்துட்டு வாங்க, ஜாக்கெட் இங்க வாங்கிக்கலாம். வீட்டு ஹீட்டர் அக்டோபர் 15லேருந்து ஏப்ரல் 15 வரைக்கும்தான் ஓட அனுமதி, அதுவும் நாள் முழுக்க இல்ல. அதனால போர்வை நல்லதா இருக்கணும். நவம்பர்லேருந்து மூடுபனி, வாரக்கணக்குல சூரியன் தெரியாம இருக்கும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கங்க. வீடு பார்க்கப் போகும்போது ஜன்னல் எந்தப் பக்கம்னு பாருங்க. உள்முற்றத்தைப் பார்த்த அறைன்னா சத்தம் கம்மி, வெளிச்சமும் கம்மி. ஹீட்டர் செலவு, குப்பை வரி வாடகையில சேர்ந்ததா தனியான்னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க.

விமானநிலையத்துலேருந்து ஸ்டேஷனுக்கு மோனோரயில் ஏழு நிமிஷம்தான், ஆனா விலை அதிகம். பெட்டி கனமா இருந்தா அதுலயே வந்துடுங்க.

சரகோசா வாசல்

வரும் தேதி முடிவானதும் இங்கே போடுங்கள் தங்கச்சி. ஸ்டேஷனில் மேற்குப் பக்கக் காத்திருப்பு அறை வாசலில் நிற்கிறேன். வெளிச்சுவரில் 10.25ல் நிற்கும் ஒரு கடிகாரம் தெரியும். 1980 ஆகஸ்ட் 2 அன்று அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. இந்த ஊர்க்காரர்கள் அதை ஓட விடாமல் வைத்திருக்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் இடம் காட்டுவார்கள்.

தாமிரபரணி

ஆகஸ்ட் 28க்கு டிக்கெட் பார்க்கிறோம். அக்காவுக்குத் தனிமடல் போட்டிருக்கேன். விடுதியில முதல் ரெண்டு வாரத்துக்குக் கட்டில் சொல்லியாச்சு.